ஊசி போட்டால் முடி வளருமா?

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். வயது 26. தங்கமான பையன். மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். குடி இல்லை. சீட்டு இல்லை. விடிந்தால் வேலை, பொழுது சாய்ந்தால் வீடு.

அவனுக்கு ஒரே ஒரு குறை. நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது!

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, அவனுடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பி! நீங்கள் பேப்பரில் எழுதுகிறவர். விவரம் தெரிந்தவர். நம்ம உடம்பு ரத்தத்தையே எடுத்து, தலையிலே ஊசி போட்டால் முடி வளருமாமே! நெசந்தானா?"

"யாரம்மா சொன்னது?"

"மகன்தான் சொல்கிறான். ஆறு ஊசி போட வேண்டுமாம். நாற்பதாயிரம் ரூபாய் ஆகுமாம். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத் தரும்படி கேட்கிறான். இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம், தம்பி. இரண்டு இடத்திலும், 'மாப்பிள்ளைக்கு வயது கூடுதலோ?' என்று கேட்டுவிட்டார்கள். அன்றையிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை."

அந்த அம்மாளுக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "படித்துப் பார்த்துச் சொல்கிறேன் அம்மா. அதுவரை சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்" என்றேன்.

படித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மாளைப் போல் எத்தனையோ தாய்மார்கள் இருப்பார்கள். அந்தப் பையனைப் போல் எத்தனையோ வாலிபர்கள் கண்ணாடி முன்னால் நின்று கவலைப்படுவார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும்.

தலையில் லட்சம் முடி

மனிதன் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடிக்கும் ஆயுள் உண்டு. 2 வருடம் முதல் 6 வருடம் வரை அது வளரும். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி நின்றுவிடும். சுமார் 3 மாதம் ஓய்வு எடுக்கும். அப்புறம் உதிரும். அதே வேரிலிருந்து புது முடி முளைக்கும்.

ஆகவே, தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. சீப்பில் பத்து முடி வந்ததும் அலற வேண்டியது இல்லை.

அப்படியானால் வழுக்கை எப்படி வருகிறது?

முடியின் வேர் இருக்கும் குழிக்கு மயிர்க்கால் என்று பெயர். சில ஆண்களுக்கு இந்த மயிர்க்கால் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. தடித்த முடி முளைத்த இடத்தில் மெல்லிய முடி முளைக்கிறது. பிறகு பூனை மயிர் போல் முளைக்கிறது. கடைசியில் அதுவும் இல்லை. முன் நெற்றியிலும் உச்சியிலும்தான் இது நடக்கும். காதுக்கு மேலும் பிடரியிலும் முடி அப்படியே நிற்கும்.

காரணம் என்ன?

ஆண்களின் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பு நீர்தான் காரணம். மீசையையும் தாடியையும் வளர்க்கிற அதே சுரப்பின் வழியில் வந்த ஒரு பொருள், உச்சித் தலை முடியைச் சுருக்குகிறது. என்ன விந்தை!

இதை நிரூபித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹாமில்டன். வருடம் 1942. சிறு வயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை வருவதில்லை என்று அவர் கண்டார். அவர்களில் சிலருக்கு ஆண் சுரப்பை மருந்தாகக் கொடுத்தார். வழுக்கைப் பரம்பரையில் பிறந்தவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது! மருந்தை நிறுத்தியதும் கொட்டுவது நின்றது. ஆனால் போன முடி திரும்பவில்லை.

ஆக, இரண்டு காரணம். ஒன்று ஆண் சுரப்பு. மற்றொன்று பரம்பரை. தாய் வழியிலும் வரலாம். தந்தை வழியிலும் வரலாம். "தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதும்" என்று சொல்வது பாதி உண்மைதான்.

தொப்பி போட்டதால் வழுக்கை வராது. ஹெல்மெட் போட்டதாலும் வராது. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தால் முடி வளராது, உயிர்தான் போகும்!

சீசர் பட்ட கவலை

இந்தக் கவலை இன்று வந்தது அல்ல. 3,500 வருடங்களுக்கு முன்பே எகிப்து நாட்டு வைத்தியர்கள் இதற்கு மருந்து எழுதி வைத்தார்கள். சிங்கக் கொழுப்பு, முதலைக் கொழுப்பு, பாம்புக் கொழுப்பு எல்லாவற்றையும் கலந்து தலையில் தடவச் சொன்னார்கள்.

ரோமாபுரியை ஆண்ட ஜூலியஸ் சீசருக்கும் வழுக்கை. பின்பக்கத்து முடியை முன்னால் இழுத்துச் சீவிக்கொள்வாராம். எப்போதும் இலை மாலையைத் தலையில் சூடிக்கொள்ள அவருக்கு உரிமை தரப்பட்டது. அவருக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே அதைத்தான் அவர் மிகவும் விரும்பினார் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

உலகத்தை நடுங்க வைத்தவர் தம் நெற்றியைக் கண்டு நடுங்கினார்! எதிர் வீட்டுப் பையனை நாம் எப்படிக் குறை சொல்ல முடியும்?

ரத்த ஊசி என்றால் என்ன?

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த ஊசிக்கு "பி.ஆர்.பி." என்று பெயர். செய்யும் முறை இதுதான்:

கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். தயிர் கடைந்தால் வெண்ணெய் பிரிகிறது அல்லவா? அதுபோல, வேகமாகச் சுழற்றினால் ரத்தம் பிரியும். கனமான சிவப்பு அணுக்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சள் நிறத் தண்ணீர் நிற்கும். அந்த மஞ்சள் நீரில் "பிளேட்லெட்" என்னும் நுண்ணிய தட்டணுக்கள் செறிவாக இருக்கும் பகுதியைப் பிரித்து எடுப்பார்கள். அதைத் தலைத் தோலில் ஊசியால் பல இடங்களில் செலுத்துவார்கள். பெரும்பாலும் மாதம் ஒரு தடவையாக மூன்று, நான்கு தடவை செய்வார்கள். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை போட வேண்டும் என்பார்கள்.

டெங்குக் காய்ச்சல் கண்ட வீட்டாருக்கு இந்தத் தட்டணுக்களைத் தெரியும். "எண்ணிக்கை குறைந்துவிட்டது" என்று டாக்டர் சொல்வாரே, அதே அணுக்கள்தான். நல்ல உடம்பில், ஒரு சிறு துளியிலும் சிறிதான ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில், 1½ லட்சம் முதல் 4½ லட்சம் வரை இருக்கும். காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைப்பது இவைதாம். காயத்தை ஆற்றுவதற்கான வளர்ச்சிப் பொருள்களையும் இவை வெளியிடும்.

இந்த வளர்ச்சிப் பொருள்களை நம்பித்தான் இந்தச் சிகிச்சை பிறந்தது. 1998-ல் அமெரிக்காவில் தாடை எலும்பு ஆபரேஷனில் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விளையாட்டு வீரர்களின் மூட்டுக் காயத்துக்கும் போட்டார்கள். 2006-ல் பிரேசில் நாட்டு டாக்டர் ஒருவர், தலையில் நடப்போகும் முடிகளை முதலில் இந்த நீரில் ஊற வைத்து நட்டுப் பார்த்தார். "காயத்தை ஆற்றும் பொருள், தூங்கும் மயிர்க்காலையும் எழுப்பாதா?" என்பதுதான் கேள்வி.

நல்ல கேள்வி. பதில் என்ன?

பலன் உண்டா?

உண்டு என்றும் சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். கோபப்படாதீர்கள். விளக்குகிறேன்.

2015-ல் ரோம் நகரத்து டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20 ஆண்கள். ஒருவருடைய தலையில் பாதிப் பக்கம் இந்த ஊசி. மறு பாதியில் வெறும் உப்பு நீர் ஊசி. ஊசி போட்ட பக்கத்தில் முடி கூடியது. ஆனால் ஒரு வருடம் கழித்துச் சிலருக்கு மறுபடியும் கொட்டத் தொடங்கியது.

2016-ல் ஈரான் நாட்டில் வேறொரு சிறிய சோதனை வெளியாயிற்று. அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை!

பிறகும் பல சோதனைகள் நடந்தன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், பலருக்கு ஓரளவு முடி அடர்த்தியாவது தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை சிறிய சோதனைகள். ஒரு டாக்டர் ஒரு தடவை சுழற்றுகிறார். இன்னொருவர் இரண்டு தடவை சுழற்றுகிறார். எவ்வளவு அணுக்கள் இருக்க வேண்டும், எத்தனை தடவை போட வேண்டும் என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரே பெயர், ஆனால் கடைக்குக் கடை சரக்கு வேறு!

இரண்டு விஷயங்கள் மட்டும் தெளிவு. முதலாவது, முடி மெலிந்துவரும் ஆரம்ப நிலையில்தான் ஏதாவது பலன் கிடைக்கலாம். கண்ணாடி போல் பளபளக்கும் உச்சியில் எத்தனை ஊசி குத்தினாலும் பலன் இல்லை. செத்த விதைக்கு எரு போட்டு என்ன பயன்? இரண்டாவது, இது ஒரு தடவையோடு தீரும் வைத்தியம் அல்ல. பரம்பரையும் சுரப்பும் உடம்பில் அப்படியேதான் இருக்கின்றன. ஊசியை நிறுத்தினால் கிடைத்ததும் நாளடைவில் போகும்.

"ஆறே ஊசி! ஆயுள் முழுவதும் கருகரு முடி!" என்று யாராவது விளம்பரம் செய்தால், அது பொய் விளம்பரம்.

ஒரு கண்கட்டு வித்தை

"என் சிநேகிதனுக்கு ஊசி போட்டதும் முடி முளைத்ததே!" என்று நீங்கள் கேட்கலாம். முளைத்திருக்கலாம். ஆனால் முளைக்க வைத்தது ஊசிதானா என்று பார்க்க வேண்டும்.

டைபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற கடுமையான காய்ச்சல் வந்தால், 2 அல்லது 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் கொட்டும். இது பரம்பரை வழுக்கை அல்ல. உடம்பு தேறியதும், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே முளைத்துவிடும்.

அந்த நேரத்தில் ஒருவன் பயந்துபோய் ஊசி போட்டுக்கொள்கிறான். முடி முளைக்கிறது. பெயர் ஊசிக்குப் போகிறது! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இன்னும் சிலருக்கு ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு. சிலருக்குத் தைராய்டுக் கோளாறு. இவற்றுக்கு மருந்து வேறு. காரணத்தைப் பார்க்காமல் ஊசியை எடுப்பவர் வைத்தியர் அல்ல; வியாபாரி.

ஆபத்து எங்கே?

"நம் ரத்தம்தானே! நமக்கு என்ன செய்யும்?" என்கிறார்கள்.

நம் ரத்தம் நமக்குப் பகை அல்ல. உண்மைதான். தேர்ந்த டாக்டர் செய்தால், கொஞ்சம் வலி, வீக்கம், தலைவலியோடு போய்விடும். ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தலைத் தோலில் புண் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆபத்து ரத்தத்தில் இல்லை. ஊசியிலும் இடத்திலும்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஓர் அழகு நிலையத்தில், முகம் பொலிவு பெற இதே முறையில் பெண்களுக்கு ரத்த ஊசி போட்டார்கள். அங்கே போய் வந்தவர்களில் சிலருக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றியது! 2018-ல் அந்த நிலையம் மூடப்பட்டது. சோதனை செய்தபோது, பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையல் அறையில் கிடந்தன. இந்த விவரங்களை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2024-ல் வெளியிட்டது.

அழகு தேடிப் போனவர்கள் ஆயுள் நோயைச் சுமந்து திரும்பினார்கள்.

அமெரிக்கா வரை போவானேன்? சென்னையில் முடி நடும் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் 2016-ல் இறந்துபோனார். அது வேறு சிகிச்சை. ஆனால் பாடம் ஒன்றுதான். முடிக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. முடி நடும் ஆபரேஷனை முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும். யூடியூப் படம் பார்த்துக் கற்றது போதாது என்று 2022-ல் தேசிய மருத்துவக் கமிஷன் எச்சரித்தது.

மலிவான மருந்து இருக்கிறதே!

இன்னொரு வேடிக்கை. சோதித்துப் பார்த்து அரசாங்கங்கள் ஒப்புக்கொண்ட மருந்துகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நம் வாலிபர்கள் நேராக ஊசிக்கு ஓடுகிறார்கள்.

ஒன்று "மினாக்ஸிடில்". இது முதலில் ரத்தக் கொதிப்புக்குக் கண்ட மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கையிலும் முகத்திலும் முடி வளர்ந்தது! "அட, இது நல்லதாயிற்றே!" என்று தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். 1988-ல் அமெரிக்க அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். ஆரம்பத்தில் சில வாரம் முடி கூடுதலாகவே கொட்டும். அதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்கள் பலர்.

மற்றொன்று "ஃபினாஸ்டரைடு" மாத்திரை. 1997-ல் வழுக்கைக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. சிலருக்கு இல்லற நாட்டத்தைக் குறைக்கும். மனச் சோர்வும் வரலாம். ஆகவே டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது.

இவற்றையும் நிறுத்தினால் பலன் போய்விடும். ஆனால் சங்கிலியை அடகு வைக்க வேண்டியது இல்லை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும், "பணம் இருக்கிறது, போட்டுப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது அவர் இஷ்டம். ஆனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இந்த ஐந்தையும் கேட்கட்டும்:

1. ஊசி போடுகிறவர் பதிவு பெற்ற டாக்டரா? தோல் மருத்துவம் படித்தவரா?

2. எனக்கு வந்திருப்பது பரம்பரை வழுக்கைதானா? எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

3. ஊசியும் குழாயும் புதியவையா? என் கண் முன்னால் பிரிப்பீர்களா? என் குழாயில் என் பெயரை ஒட்டுவீர்களா?

4. மொத்தம் எத்தனை தடவை? மொத்தம் எவ்வளவு பணம்? எழுதிக் கொடுப்பீர்களா?

5. முதலில் படம் எடுத்து வைத்து, சில மாதம் கழித்து ஒப்பிட்டுக் காட்டுவீர்களா? பலன் இல்லை என்றால் நிறுத்திவிடுவீர்களா?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

குற்றவாளி யார்?

இதையெல்லாம் எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையனை அடகுக் கடைக்கு விரட்டியது யார்? ஊசிக்காரனா? அவன் பிறகுதான் வந்தான். முதலில் விரட்டியவர்கள் நாம்!

"என்னடா, நெற்றியா, மைதானமா?" என்று கேட்டவர்கள் சிநேகிதர்கள். சினிமாவில் வழுக்கைத் தலையைக் கண்டால் சிரிக்கிறோம். பெண் பார்க்க வந்த இடத்தில் பையனுடைய குணத்தைக் கேட்பதற்கு முன்னால் உச்சியைப் பார்க்கிறோம். குடிக்கிறவனுக்குத் தலை நிறைய முடி இருந்தால் பெண் கொடுக்கிறோம். குடிக்காதவனுக்கு முடி இல்லை என்றால் யோசிக்கிறோம்!

நேருவுக்கு வழுக்கை. ராஜாஜிக்கு வழுக்கை. 1952-லும் 1956-லும் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஐசனோவரும் ஸ்டீவன்சனும் மோதினார்கள். இருவருக்குமே வழுக்கை. யார் ஜெயித்தாலும் வழுக்கைதான் ஜெயிக்க வேண்டும்! ஜனங்கள் அவர்களுடைய தலைக்குள் இருந்ததைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளைக்காரர்களில் 50 வயதுக்குள் பாதி ஆண்களுக்கு ஓரளவு வழுக்கை விழுந்துவிடுகிறது. இவ்வளவு பேருக்கு வருவதை வியாதி என்று சொல்வதா, நரையைப் போல் வயதின் அடையாளம் என்று சொல்வதா? சிலருக்கு அந்த அடையாளம் கொஞ்சம் முந்தி வருகிறது. அவ்வளவுதான்.

முடி வேண்டும் என்று ஆசைப்படுவது தவறு இல்லை. ஆனால் வெட்கத்தால் கடன் வாங்கக் கூடாது. வெட்கத்தை விற்கிறவனிடம்தான் ஏமாறுகிறோம்.

மறுநாள் அந்தப் பையனைக் கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். கடைசியில், "அண்ணே! சொல்வது எல்லாம் சரி. ஆனால் உங்கள் தலையில் முடி இருக்கிறதே!" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதும் நியாயம்தான். நிழலில் இருப்பவன் வெயிலுக்குப் புத்தி சொல்லக் கூடாது.

"சரி தம்பி. முதலில் பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போய்க் காட்டுவோம். நானும் வருகிறேன்" என்றேன். இருவரும் போனோம். டாக்டர் பார்த்தார். பரம்பரைதான் என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தலையில் தடவ மருந்து கொடுத்தார். "ஆறு மாதம் விடாமல் தடவு. பிறகு பார்க்கலாம்" என்றார்.

முடி வளருமா? ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

சங்கிலி அந்த அம்மாள் கழுத்திலேயே இருக்கிறது. பையன் இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறான். மூன்றாவதாக ஓர் இடத்தில் பெண் பார்க்கப் போகிறார்கள்.

பெண் வீட்டார் இந்தப் பக்கத்தைப் படித்தால் நல்லது!